இரவல் பெயர்

யூஎஸ்பி கேபிளில் சாதனம் முதலில் பேச முடியாது. செல்போனோ பென்டிரைவோ கம்ப்யூட்டரில் சொருகப்பட்டதும் அதனால் செய்ய முடிவது ஒன்றுதான். தன் பக்கத்துத் தரவுக் கம்பி ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேலே இழுத்துப் பிடிக்கும். வகுப்பில் கை தூக்குவது மாதிரி. அதைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் ஒருமுறை ரீசெட் செய்துவிட்டு விசாரணையைத் தொடங்கும். அந்த நேரத்தில் சாதனத்துக்கு முகவரிகூட இருக்காது. புதிதாக வருகிற எல்லோருக்கும் முகவரி பூஜ்யம். விசாரணையின் மையம் ஒரே கேள்வி: நீ யார்? பதில் 18 பைட். அதில் இரண்டு பைட் உன்னைச் செய்த நிறுவனத்தின் எண், இன்னும் இரண்டு பைட் அந்த நிறுவனம் உனக்கு வைத்த எண். இதைச் சொல்லி முடித்த பிறகுதான் மற்ற பேச்சு.

யூஎஸ்பி மொழியில் கம்ப்யூட்டருக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். விருந்தோம்புபவர் என்று பெயர்த்தால் அகராதிப்படி சரி, நடைமுறைப்படி தப்பு. நான் 'வீட்டுக்காரர்' என்று சொல்வேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போய் வாசலில் நின்றிருக்கிறீர்களா? அதே வரிசைதான். நாம் கதவைத் தட்டலாம், கேள்வி கேட்பது அவர். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, சைவமா அசைவமா. அறை எத்தனை அடி, தண்ணீர் எப்போது வரும் என்ற பேச்சு அதற்கப்புறம்.

அந்த 18 பைட்டில் இன்னொருவருடைய பெயரைச் சொன்னால் அது பொய்யா? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சின்னக் கேள்விதான். ஆனால் இதைப் பிடித்து இழுத்தால் பின்னால் கொஞ்சம் பெரிதாகவே ஏதோ வருகிறது.

முதலில் சந்தர்ப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். பகலில் நவல்பட்டு ஐடி பார்க்கில் வேலை. இரவில், ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில், அப்பாவின் பழைய செல்போனில் லினக்ஸ் ஏற்றும் வேலை. ஸ்னாப்டிராகன் 410 சிப், கிட்டத்தட்டப் பத்து வயது. செய்த கம்பெனி இரண்டு வருடத்தில் அதற்கு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எந்த ஆப்பும் ஏற மறுக்கிறது. உடம்பு திடமாக இருக்கும்போதே இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்ட மாதிரி. இப்படிப்பட்ட போன்களுக்குப் பத்து வருட ஆயுள் தர வேண்டும் என்ற நோக்கத்தோடு 2017-இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற திட்டம் தொடங்கியது. ஆல்பைன் லினக்ஸை அடித்தளமாக வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் ஆளுக்கொரு பழைய போனை வைத்துக்கொண்டு முட்டி மோதுகிறோம்.

ஒரு இயங்குதளத்தைப் புதிய கருவிக்குக் கொண்டுபோகும்போது முதல் நாட்களில் திரை வேலை செய்யாது. தொடுதிரை, வைஃபை எதுவும் செய்யாது. உள்ளே கெர்னல் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்றே தெரியாது. கறுப்புக் கண்ணாடி ஒன்று கையில் இருக்கும், அவ்வளவுதான். அப்போது இருக்கிற ஒரே ஜன்னல் யூஎஸ்பி. அதன் வழியே ஒரு பொய்யான ஈதர்நெட் கார்டை உருவாக்கி, போனுக்கு 172.16.42.1 என்று ஒரு ஐபி முகவரி கொடுத்து, லேப்டாப்பிலிருந்து டெல்நெட் போட்டால், கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து ஒரு பிராம்ப்ட் வரும். அந்த ஒரு '#' குறியைப் பார்க்க எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருக்கலாம்.

'பொய்யான ஈதர்நெட் கார்டு' என்று சொன்னேன். அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கேபிளின் எந்த முனையிலும் ஈதர்நெட் கார்டு கிடையாது. இரண்டு முனைகளும் கற்பனை. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மேக் முகவரி வேண்டும், 48 பிட். போன் தனக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறது, கூடவே லேப்டாப் பக்கத்துக் கார்டுக்கும் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறது. பெயர் கேட்டு மிரட்டிய வீட்டுக்காரருக்கு, வந்தவன் திருப்பிப் பெயர் சூட்டுகிறான். அவரும் மறுபேச்சில்லாமல் வைத்துக்கொள்கிறார்.

இந்த மேக் முகவரிகளை எங்கிருந்து எடுப்பது? லினக்ஸ் சும்மா குலுக்கிப் போட்டு எடுக்கிறது. ஆனால் ஒரு மரியாதையோடு. முதல் பைட்டில் கடைசிக்கு முந்தைய பிட்டை ஒன்றாக்கிவிடும். அந்த பிட் ஒன்றாக இருந்தால், 'இது எந்தக் கம்பெனியும் கொடுத்த முகவரி இல்லை, நானே இங்கே வைத்துக்கொண்டது' என்று பொருள். ஈதர்நெட்டை வகுத்தவர்கள் அந்த ஒரு பிட்டை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறார்கள். 172.16 என்ற ஐபி முகவரியும் அப்படித்தான். உள்வீட்டில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996-இலேயே ஒதுக்கிவைத்த எல்லைக்குள் வருவது அது. யூனிகோடிலும் இப்படி ஒரு புறம்போக்கு நிலம் உண்டு.

நாமே வைத்துக்கொண்ட பெயரை, நாமே வைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு அணிய ஒரு வழி. எனக்கு இது பொறியியல் விஷயமாக மட்டும் தோன்றவில்லை. புனைபெயரில் எழுதுகிறவர்கள் நிறைந்த மொழி நம்முடையது. புனைபெயர் பொய் இல்லை என்பது நமக்குத் தெரியும். அது புனைபெயர் என்பதே தெரிந்திருப்பதுதான் காரணம்.

யூஎஸ்பி வெண்டர் எண்ணில் அந்த பிட் கிடையாது.

16 பிட், மொத்தம் 65,536 எண்கள். யூஎஸ்பி சங்கம் ஒவ்வொன்றையும் விற்கிறது. உறுப்பினர் அல்லாதவருக்கு விலை 6,000 டாலர், ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அப்பாவின் போனை இன்றைக்கு மெயின்கார்டு கேட் பக்கத்து செல்போன் கடையில் கொடுத்தால் 500 ரூபாய் தருவார்களா என்பது சந்தேகம். ஆனால் எண்ணைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கவும் முடியாது. லினக்ஸில் கான்ஃபிக்எஃப்எஸ் என்று ஒரு வசதி உண்டு, ஒரு டைரக்டரியை உருவாக்கி அதற்குள் கோப்புகளில் எண்களை எழுதினால் சாதனத்தின் முகம் தயாராகும். வெண்டர் எண் என்ற கோப்பு அங்கே காத்திருக்கிறது. ஏதாவது எழுதியாக வேண்டும்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் வேறெதுவும் சொல்லாவிட்டால் எழுதுவது 18டி1. அது கூகுளின் எண். கூடவே வரும் சாதன எண் நெக்ஸஸ் 4 போனுடையது. எந்தக் கம்பெனியின் எந்தப் போனாக இருந்தாலும், இந்த ஏற்பாட்டில் லேப்டாப்பில் சொருகினால், பட்டியலில் கூகுள் நெக்ஸஸ் 4 என்று தெரியும். யாரையும் ஏமாற்றுவதற்காக இதைச் செய்யவில்லை. எங்கும் சட்டென்று வேலை செய்ய வேண்டும், அதுதான் நோக்கம். அதைப் பார்க்கிறவரும் பெரும்பாலும் போனின் சொந்தக்காரர்தான். தன் வீட்டுக் கண்ணாடியில் தானே முகமூடி போட்டுப் பார்ப்பது போல. இதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை.

ஆனாலும் நான் மாற்றினேன். மாற்று இருந்தது என்பதால். லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தமான 1டி6பி என்ற எண்ணில், லினக்ஸ் ஓடும் பலவகைக் கருவிகளுக்கென்றே ஒரு பொதுச் சாதன எண் உண்டு. நெட்சிப் என்ற கம்பெனி தன் 0525 எண்ணுக்குக் கீழே லினக்ஸின் ஈதர்நெட் கருவிகளுக்காகச் சில எண்களை நன்கொடையாகத் தந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லும் குறிப்பு இன்றும் கெர்னல் மூலநிரலில் இருக்கிறது. 1209 என்று இன்னொரு எண், தொழிலை நிறுத்திவிட்ட ஒரு கம்பெனியுடையது. அதைத் திறமூலக் கருவிகள் செய்கிறவர்களுக்கு இலவசமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சங்கம் பிற்பாடு இப்படிப் பிரித்துக் கொடுப்பதை விதிகளில் தடுத்தது. பெயர் விற்பனைக்கு வந்துவிட்ட இடத்தில் இப்படிச் சில தர்மசத்திரங்களும் முளைத்திருக்கின்றன.

பெயர்ச் சரங்கள் எழுதும் டைரக்டரிக்கு 0409 என்று பெயர் வைக்கச் சொல்லி எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். அது அமெரிக்க ஆங்கிலத்தின் மொழி எண். அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு, 0449. அதை வைத்து, தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'வீட்டில் செய்தது' என்று எழுதினேன். லேப்டாப்பில் லினக்ஸ் மறுக்காமல் காட்டியது. யாருக்கும் பிரயோஜனம் இல்லை, சும்மா ஆசைதான்.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் கேட்டது: "கம்பெனி பேரு எதுக்குடா முதல்ல கேக்குது? என்ன வேலை செய்வேன்னு கேட்டா போதாதா?"

அந்தக் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. ஏனென்றால் யூஎஸ்பியில் இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. சாதனம் தன் வகையைச் சொல்லலாம்: நான் கீபோர்டு, நான் சேமிப்பகம், நான் நெட்வொர்க் கார்டு, இன்ன நெறிமுறை பேசுவேன். பெரும்பாலான வேலைக்கு இது போதும். என்சிஎம் நெறிமுறை பேசுகிறேன் என்று சொல்லும் எந்தச் சாதனத்தோடும், அதைச் செய்தது யார் என்று தெரியாமலேயே லினக்ஸ் பேசும். மைக்ரோசாஃப்டின் ஆர்என்டிஐஎஸ் நெறிமுறைக்கும் இப்படி ஒரு வழி உண்டு. விண்டோஸ் கேட்கும் தனிக் குறிப்பில் 'ஆர்என்டிஐஎஸ் பேசுவேன்' என்று எழுதி வைத்தால், யார் என்ற கேள்வியைத் தாண்டி டிரைவரை ஏற்றிக்கொள்ளும்.

அப்படியானால் கம்பெனிப் பெயர் எதற்கு? நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. எல்லாக் கருவியிலும் ஏதாவது கோணல் இருக்கும். இந்தக் கம்பெனியின் இந்தச் சாதனம் தூங்கி எழுந்தால் குழம்பும், இதற்கு ரீசெட் கொடுத்தபின் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று கெர்னலில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. பெயரைக் கேட்டு, கோணலுக்கேற்ற பக்குவத்தோடு நடத்துவதற்காக. இரவல் பெயர் வைத்துக்கொண்டவனுக்கு இன்னொருவனுடைய நோய்க்கான மருந்து கிடைக்கும். தனக்கு உள்ள நோய்க்குக் கிடைக்காது.

அப்பாவும் யோசித்துவிட்டுத் தன் கேள்வியைத் தானே திருத்திக்கொண்டார். அவர் திருவெறும்பூர் பெல்லில் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். பாய்லருக்குள் போகும் ஒவ்வொரு குழாயிலும் அது எந்த உருக்கில் வந்தது என்ற எண் குத்தப்பட்டிருக்கும். குழாயை இரண்டாக வெட்டினால், வெட்டுவதற்கு முன்பே அந்த எண்ணை மற்ற துண்டிலும் குத்திவிட வேண்டும். பெயரில்லாத துண்டு என்று ஒன்று தரையில் கிடக்கவே கூடாது. குரோமியம் கலந்த குழாயும் சாதாரணக் கார்பன் குழாயும் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் ஒருநாள் பாய்லர் வெடிக்கும், ஆள் சாவான்.

"பேரு வேணும்டா. ஆனா பேரை மட்டும் நம்பினதில்ல. ஸ்பெக்ட்ராஸ்கோப்ல பொறி வெச்சுப் பாத்தாதான் உள்ள விடுவோம்."

பெயர் வேண்டும், பெயரை மட்டும் நம்பக்கூடாது. இதைவிடத் தெளிவாக யூஎஸ்பி பாதுகாப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2014-இல் கார்ஸ்டன் நோல், ஜேக்கப் லெல் என்ற இரண்டு பேர், பென்டிரைவின் உள்மென்பொருளை மாற்றி அதை 'நான் கீபோர்டு' என்று சொல்லவைத்துக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் நம்பியது. கீபோர்டு தட்டுவதைப் போலக் கட்டளைகளைத் தட்டியது பென்டிரைவ். ஆக, வீட்டுக்காரரின் பயம் கற்பனை இல்லை. வாசலில் நிற்பவன் உண்மையிலேயே ஆபத்தானவனாக இருக்கலாம். ஆனால் அவன் பொய் சொன்னது கம்பெனிப் பெயரில் அல்ல, என்ன வேலை செய்வேன் என்பதில். பெயர் எதுவாக இருந்தாலும் கதவு திறந்திருக்கும். பெயர் கேட்கும் சடங்கு பயத்தைத் தணிக்கிறது, ஆபத்தைத் தணிக்கவில்லை.

பெயரைக் கேட்பது வெளியே தள்ளுவதற்காகவும் இருக்கலாம். 2009 ஜூனில் பாம் என்ற கம்பெனி 'ப்ரீ' என்ற போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஐபாட் போல நடித்து ஆப்பிளின் ஐடியூன்ஸில் இருந்து பாட்டுகளை எடுத்துக்கொண்டது. ஜூலையில் ஆப்பிள் கதவை அடைத்தது. பாம் அடுத்த அப்டேட்டில் ஆப்பிளின் வெண்டர் எண்ணையே தன்னுடையதாகச் சொன்னது. அதோடு நிற்காமல், ஆப்பிள் வெண்டர் எண்ணை வைத்து அடுத்தவரை ஒதுக்குகிறது என்று யூஎஸ்பி சங்கத்திடம் புகாரும் கொடுத்தது. செப்டம்பரில் சங்கம் பாமைத்தான் கண்டித்தது. தனக்குக் கொடுத்த எண்ணை மட்டுமே ஒரு கம்பெனி சொல்ல வேண்டும், வேறொன்றும் கேட்க வேண்டாம். விதிப்படி சரி. ஆனால் பாமின் கேள்வி அப்படியே நிற்கிறது. கோணலை அறிவதற்காக வைத்த கேள்வியை ஆளைத் தள்ளுவதற்குப் பயன்படுத்தினால், அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கடன்பட்டிருக்கிறதா?

இதற்கு நான் பாம் பக்கம் முழுசாகச் சாய மாட்டேன். ஐடியூன்ஸ் ஆப்பிளின் சொந்தக் கடை. பாட்டுகளை மாற்ற வேறு வழி எழுதிக்கொள்ள பாமிடம் பணமும் ஆட்களும் இருந்தார்கள். அது வழியில்லாதவன் சொன்ன பொய் இல்லை.

வழியில்லாதவன் சொன்ன பொய் ஒன்று எனக்குத் தெரியும். அதே 2009-தான், கல்லூரி கடைசி வருடம். நண்பன் ஒருவனுக்கு ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்ரீரங்கத்தில் அறை தேடினான். நான்கு வீடுகளில் பேச்சு முதல் கேள்வியோடு முடிந்தது. ஐந்தாவது வீட்டில் தன்னைச் சைவப் பிள்ளை என்று சொன்னான். அறை கிடைத்தது. அவன் உண்மையில் என்ன சாதி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவனாகிவிடுவேன்.

அப்போது அவனிடம் கேட்டேன், உறுத்தவில்லையா என்று. "அவங்க கேட்டது தப்பான கேள்விடா. தப்பான கேள்விக்கு எப்படிடா சரியான பதில் சொல்றது?" என்றான்.

அவன் பெஞ்சமின் கான்ஸ்டன்டைப் படித்தவன் இல்லை. கான்ஸ்டன்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: உண்மை சொல்வது கடமைதான், ஆனால் உண்மையைக் கேட்கும் உரிமை உள்ளவரிடம் மட்டும். இதற்கு 1797-இல் இம்மானுவேல் கான்ட் எழுதிய பதில் பிரசித்தம். கொலை செய்யத் துரத்திவருபவன் உன் வாசலில் நின்று, 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா' என்று கேட்டாலும் பொய் சொல்லாதே. ஏனென்றால் பொய் கேட்டவனை மட்டும் பாதிப்பதில்லை, சொல் என்பதன் மீதுள்ள நம்பிக்கையையே அரிக்கிறது. அங்கேயும் ஒரு வாசல், ஒரு கேள்வி என்பதைக் கவனித்தீர்களா. நம் ஊரில் இந்த வாதத்தை இவ்வளவு இழுக்க மாட்டார்கள், குறளைச் சொல்லி முடித்துவிடுவார்கள். வாய்மை அதிகாரத்தின் முதல் இரண்டு குறள்கள்: தீங்கில்லாத சொல்லே வாய்மை, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது. இரண்டாவதைத் திருமணத் தரகர்களில் இருந்து அரசியல்வாதிகள்வரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 'குற்றமற்ற' என்ற நிபந்தனையைத்தான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

நண்பன் பொய்யில் குற்றம் இருந்ததா? வீட்டுக்காரருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. வாடகை ஒன்றாம் தேதி போய்விடும், அறை சுத்தமாக இருந்தது. கேட்க உரிமையில்லாத கேள்வி அது என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன். கான்ட் சொன்னது போல அந்தப் பொய்யால் சொல்லின் மீதுள்ள நம்பிக்கை அரிக்கப்பட்டிருந்தால், அதில் பெரும்பங்கு கேள்வி கேட்டவருடையது. நாலு பேரை உண்மை சொன்னதற்காகத் திருப்பி அனுப்பிய தெருவில், ஐந்தாவது பேச்சில் உண்மையை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் நான் எதிர்பார்க்காத இடத்தில் வலி வந்தது. வீட்டுக்கார மாமிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. நிஜமாகவே. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். பரீட்சைக்குப் போகும்போது வாசல்வரை வந்து வழியனுப்புவார். ஒருநாள் அவன் சொன்னது மறக்கவில்லை: "ரசம் எனக்குத்தான்டா. ஆனா அவங்க கொடுத்தது அந்தப் பேருக்கு." கெர்னலின் கோணல் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். இரவல் பெயருக்கு வருகிற அன்பு, இன்னொருவனுடைய முகவரிக்கு வந்த மணியார்டர் மாதிரி. கையில் இருக்கும், கையெழுத்துப் போட முடியாது.

அப்பாவுக்கு இந்தக் கதை இப்போதுதான் தெரியும். "வீட்டுக்குள்ள விடப்போறோம், யாருன்னு கேக்கக் கூடாதா?" என்றார். கேட்கலாம். எங்கே வேலை, எத்தனை பேர், முன்பு இருந்த வீட்டில் விசாரிக்கலாமா. பொறி வைத்துப் பார்ப்பது அதுதானே. உருக்கு எண்ணைப் பார்ப்பதற்குப் பதில், குழாயின் தாத்தா எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்டால் பாய்லர் பத்திரமாகிவிடுமா? அவர் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

இரவல் பெயர் எல்லாமே வலிப்பதில்லை. எங்கள் வீட்டு ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து 20 வருடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் தெரியும், பணம் கட்டுகிற அப்பாவுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். நெட்சிப்பும் இப்படித்தான். 2004-இல் பிஎல்எக்ஸ் என்ற கம்பெனி அதை வாங்கிவிட்டது, நெட்சிப் என்று ஒரு கம்பெனியே இன்று இல்லை. ஆனாலும் உலகத்தில் எங்கெங்கோ, லினக்ஸ் ஓடும் சின்னச் சின்னக் கருவிகள் 0525 என்று சொல்லி உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. யாரும் ஏமாறுவதில்லை. அந்தப் பெயர் இரவல் என்பது மூலநிரலிலேயே எழுதியிருக்கிறது. ஈதர்நெட்டின் அந்த ஒரு பிட் வேலையை இங்கே ஒரு நன்றிக் குறிப்பு செய்கிறது.

அதே 2014-இல், இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் சிப் யூஎஸ்பியைச் சீரியல் இணைப்பாக மாற்றித் தருவது. எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோர் மேசையிலும் இருக்கும். அதன் போலிகளும் ஏராளம், அதே 0403 எண்ணைச் சொல்லிக்கொண்டு. அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலியைக் கண்டால் அதன் சாதன எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன்பின் அந்தக் கருவியை எந்தக் கம்ப்யூட்டரும் வழக்கம்போல அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். திருடப்பட்டது எஃப்டிடிஐயின் பெயர்தான், கோபம் நியாயம். ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது போலி செய்தவனுக்கு இல்லை, தெரியாமல் வாங்கி எங்கேயோ ஒரு இயந்திரத்தில் பொருத்தியிருந்தவனுக்கு. பெயரைப் பிடுங்கிப் பூஜ்யம் ஆக்குவதில் ஒரு குரூரம் இருக்கிறது. வாசலில் கை தூக்கி நின்ற நிலைக்கே திருப்பி அனுப்பிவிடுவது.

பெயர் விவகாரத்தை இதைவிடக் கண்ணியமாக முடித்துவைத்த ஒரு கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, பிள்ளை லோகாசாரியார் முதலானவர்கள் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். பல ஊர் சுற்றி, விஜயநகரத்துக் கோபண்ணரால் உற்சவர் கோயிலுக்குத் திரும்பியது 1371-இல். 48 வருடம். நடுவில் கோயிலில் வேறொரு திருமேனியை வைத்து வழிபாடு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தவரைப் பழைய ஆளாகப் பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. யார் உண்மையான உற்சவர்? கோயிலொழுகு சொல்லும் கதைப்படி, பெருமாளின் ஆடைகளைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு முதிய வண்ணார் மட்டும் உயிரோடு இருந்தார். கண் தெரியாது. திருமஞ்சனம் செய்து நனைந்த ஆடைகளைப் பிழிந்து தீர்த்தம் கொடுக்கச் சொன்னார். இரண்டு திருமேனிகளின் தீர்த்தத்தையும் சுவைத்துவிட்டு, திரும்பி வந்தவரே நம் பெருமாள் என்றார். அன்றிலிருந்து உற்சவருக்கு நம்பெருமாள் என்று பெயர்.

எனக்கு இதில் பக்தியைவிட வியப்பு அதிகம். ஏட்டையும் ஆசாரியர்களையும் தாண்டி, விஷயம் வேலை செய்தவரின் நாக்கிடம் போகிறது. அவர் யார் என்று கேட்கவில்லை, பொறி வைத்துப் பார்த்தார். ஒரு பெயருக்கு உரிமையுள்ளவர் யார் என்று தீர்ப்பளித்தவரின் சொந்தப் பெயரை நான் கேட்ட எந்தக் கதையும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அதைவிட முக்கியம் மற்றவருக்கு என்ன ஆயிற்று என்பது. இத்தனை வருடம் உற்சவரின் இடத்தில் இருந்து பூஜையை ஏற்றுக்கொண்ட அந்தத் திருமேனியை யாரும் போலி என்று வெளியே வைக்கவில்லை. திருவரங்க மாளிகையார் என்று சொந்தப் பெயர் கொடுத்து, நம்பெருமாளோடு கருவறையிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

நண்பன் இப்போது பெங்களூரில். சொந்த வீடு, அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்க முடியாது. மாமிக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. நேரில் வந்து அவரிடம் உண்மையைச் சொல்லேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எதுக்குடா? அந்த ரசத்தை அவங்ககிட்டேர்ந்து திருப்பி வாங்கிக்கச் சொல்றியா?" என்றான். எனக்கு அது சரியென்று படவில்லை. மாமிக்குத் தெரிந்தால் ரசம் பாழாகிவிடும் என்று அவன் ஏன் முடிவு செய்ய வேண்டும்? மாளிகையாருக்குக் கிடைத்த மாதிரி அவனுக்கும் அந்த வீட்டில் சொந்தப் பெயர் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம், நாலு வீட்டு வாசலில் நின்றவன் அவன்தான், நான் இல்லை.

கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் மாமி என்னிடம் விசாரிப்பார்.

"பிள்ளைவாள் எப்படிடா இருக்கார்? ஃபோன்கூடப் பண்றதில்ல."

"நல்லா இருக்கான் மாமி. உங்களைக் கேட்டான்."